தேயிலை மரமா, செடியா?

மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதி மலைகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கும் தேயிலைதான். இடுப்பு உயரத்தில் பச்சைப் பாய் விரித்தது போல் இருக்கும்.

ஆனால் தேயிலை ஒரு மரம். வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேலும் வளரும். பிறகு ஏன் குட்டையாக நிற்கிறது? தொழிலாளர்களின் கைதான் காரணம்.

கிளையின் நுனியில் ஒரு மொட்டு இருக்கிறது. இலைகளின் இடுக்கிலும் சிறு மொட்டுகள் தூங்குகின்றன. நுனி மொட்டில் ஆக்சின் என்ற பொருள் உண்டாகிறது. அது கீழே இறங்கி, பக்க மொட்டுகளை வளர விடாமல் தடுக்கிறது. நுனியைக் கிள்ளினால் தடை நீங்கும். பக்க மொட்டுகள் விழிக்கும். ஒரு கிளை இரண்டாகும், மூன்றாகும். அவற்றையும் கிள்ளினால் இன்னும் பலவாகும். செடி உயராமல் அகலமாகப் படரும். கொழுந்தும் நிறைய கிடைக்கும்.

அதனால்தான் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று அளவாகக் கிள்ளுகிறார்கள். கீழே உள்ள முற்றிய இலைகளை விட்டுவிட வேண்டும். செடிக்கு உணவு தயாரிப்பவை அவைதான். எடை கூடட்டும் என்று அவற்றையும் பறித்தால் செடி இளைக்கும். அடுத்த முறை கொழுந்து குறையும். கூடுதல் எடைக்குக் கிடைக்கும் காசும் குறையும்.

ஆண்டுகள் போகப்போக செடி உயர்ந்துவிடும். கைக்கு எட்டாது. கொழுந்தும் சிறுத்துவிடும். ஆகவே சுமார் 4, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்கிறார்கள். கவாத்து வெட்டிய மலையில் வெறும் குச்சிகள்தான் தெரியும்.

"அம்மா, செடியெல்லாம் செத்துப் போச்சா?" என்று குழந்தை கேட்கும்.

"இல்ல கண்ணு. வேருல சோறு இருக்கு. திரும்பத் துளிர்க்கும்" என்பாள் தாய்.

அவள் சொல்வது சரி. வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. இலை இல்லாத நாட்களில் அதை உண்டுதான் செடி துளிர்க்கிறது. அந்தச் சத்து குறைந்திருக்கும்போது வெட்டினால் செடி பட்டுப்போகும். எனவே வெட்டும் முன் வேரை நறுக்கி, அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். நன்றாகக் கருநீலம் ஆனால் சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் பொறுத்திருக்க வேண்டும்.

வெட்டும் கத்தி கூராக இருக்க வேண்டும். வெட்டு சாய்வாக இருந்தால் தண்ணீர் தேங்காது. வெட்டிய இடத்தில் செப்பு கலந்த மருந்து பூசினால் அழுகாது.

சீனாவிலும் ஜப்பானிலும் எல்ம் என்ற பெரிய மரத்தைச் சிறு சட்டியில் வளர்க்கிறார்கள். அதில் நுண்ணிய கிளைகள் வரவும் இதே வழிதான்.

உங்கள் வீட்டுத் துளசியின் நுனியைக் கிள்ளிப் பாருங்கள். சில நாட்களில் பக்கத்தில் துளிர் வரும்.