குடித்தனக்காரரின் மிகைச் செலவு

2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேற்கே பாலிசேட்ஸ் மலைச்சரிவிலும், அன்று மாலையே வடகிழக்கில் அல்டடீனாவை ஒட்டிய ஈட்டன் பள்ளத்தாக்கிலும் மூண்ட நெருப்பு, மலைக்காற்றின் உக்கிரத்தால் பரவி 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தபோது, வீடு இழந்தவர்கள் என்ற ஒரே பெயருக்குள் வீட்டுச் சொந்தக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்தே அடங்கினார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்கில் இவ்விருவரும் ஒருவரல்லர். சொந்தக்காரர் எடுத்த பாலிசி சுவரையும் கூரையையும் சேர்ந்தது. குடித்தனக்காரரின் கட்டிலுக்கும் பாத்திரத்துக்கும் துணிமணிக்கும் அதில் ஒரு காசும் இல்லை என்பதைப் பலர் சாம்பலின் முன்னே நின்ற பிறகுதான் அறிகிறார்கள்.

குடித்தனக்காரர் தமக்கென்று தனியே எடுத்துக்கொள்ளும் பாலிசியில் சாமான்களின் நஷ்டத்துக்கு ஒரு தொகை உண்டு. பிறருக்கு நம்மால் நேரும் சேதத்துக்கு ஒரு தொகை உண்டு. இவ்விரண்டையும்விட, வீடு வாசத்துக்கு லாயக்கற்றுப் போனபின் வேறிடத்தில் காலம் தள்ளுவதற்கான தொகையே ஆபத்துக் காலத்தில் அதிகம் பிரயோஜனப்படுவது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது வாழ்க்கைச் செலவு முழுவதையும் கொடுப்பதன்று. வழக்கமான செலவுக்கு மேற்பட்டதை மட்டுமே கொடுப்பது.

மாதம் 2,000 டாலர் வாடகை கொடுத்து வந்த ஒருவர், தீக்குப் பின் 3,200 டாலருக்கு ஓர் இடம் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு எடுத்த பொருள் அழிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது என்பது கலிபோர்னியாவின் சிவில் சட்டமாதலால், பழைய வாடகை நின்றுவிடுகிறது. கம்பெனி தருவது எஞ்சிய 1,200 டாலர். அடுப்பில்லாத அறையில் தங்கியதால் 600 டாலர் சாப்பாட்டுச் செலவு 1,000 ஆனால், 400 கிடைக்கும். வீட்டிலேயே துணி துவைத்தவர் இப்போது தெருமுனை யந்திரத்தில் போடும் நாணயங்களும், நாயைப் பிறரிடம் விட்டுவைக்கும் கூலியும் இக்கணக்கில் சேரும்.

அரசு அவசர நிலையைப் பிரகடனம் செய்த விபத்துகளில் இத்தொகை 24 மாதங்களுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும் என்றும், கேட்டால் நான்கு மாதச் செலவை முன்பணமாகத் தர வேண்டும் என்றும் அந்த மாநிலச் சட்டம் விதிக்கிறது. கேட்பதற்கு இனிய செய்திதான். எனினும் மாதங்களை நீட்டிய சட்டம் பணத்தை நீட்டவில்லை. பொதுவாக வழங்கும் பாலிசி வாசகத்தில் இத்தொகை சாமான்களின் காப்பீட்டில் நூற்றுக்கு 30 பங்கு; 30,000 டாலருக்குச் சாமான்களைக் காப்பீடு செய்தவருக்கு 9,000 டாலர். மேற்சொன்ன 1,200-உம் 400-உம் சேர்ந்த 1,600 டாலரை மாதந்தோறும் எடுத்தால் ஆறாம் மாதம் முடியுமுன் பை காலி. தவிர, நிரந்தரமாக வேறிடம் போகிறவருக்கு, அங்கே குடியமர்வதற்கு வேண்டிய மிகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே பணம் என்ற வாக்கியமும் அதில் உண்டு; பிறர் வீட்டைத் தாமே திரும்பக் கட்ட வழியில்லாத குடித்தனக்காரர் இரண்டாம் இடத்தில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் “நீர்தான் குடியமர்ந்துவிட்டீரே” என்று கம்பெனி சொல்ல அது இடமளிக்கிறது.

இனி ரசீது விஷயம். ஹோட்டல் பில்லையும் சலவைச் சீட்டையும் ஓர் உறையில் போட்டு வைப்பது எளிது. ஆனால் மிகையை நிரூபிக்க வேண்டுமானால், அதற்கு முன் வழக்கம் இன்னதென்று நிரூபிக்க வேண்டும்; அதற்கு அத்தாட்சியான காகிதங்களோ அலமாரியோடு எரிந்துவிட்டன. ஆகையால் விவரமறிந்தவர்கள் முதலில் நாடுவது பாங்கியைத்தான்: தீக்கு முந்திய மூன்று நான்கு மாதக் கணக்குப் பிரதியை வாங்கி, மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போனதை ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் கோடிட்டு, அதையே கம்பெனிக்கு அனுப்பும் முதல் கடிதத்தோடு இணைக்கிறார்கள்.