மவுஸ் மேல் பழி போடாதீர்கள்!

புது கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவிநாசியில் வீட்டிலிருந்தபடியே பனியன் கம்பெனிகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி தூக்கத்தில் வலது கை விரல்கள் மரத்துப்போய், எழுந்து உதற ஆரம்பித்தேன். மவுஸ்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோவைக்கு டாக்டரிடம் போனபோது அக்காவும் துணைக்கு வந்தார். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார் டாக்டர். விரல்கள் சுரீரென்றன. "கார்பல் டனல் சிண்ட்ரோம்" என்றார்.

அதென்ன டனல் என்கிறீர்களா? மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 நாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. ஒரே பைப்பில் பத்து கேபிள் இழுத்த கதைதான்! உள்ளே வீங்கினால் நசுங்குவது நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பிக்கும். அதற்கு வேறு நரம்பு.

மவுஸ் மீது அவ்வளவாகக் குற்றமில்லையாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கம்ப்யூட்டரில் அதிக நேரம் வேலை செய்வோரைச் சோதித்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் மற்றவர்களுக்கு இருக்கும் அளவில்தான் அவர்களுக்கும் இருந்தது. சர்க்கரை, தைராய்டு, கர்ப்ப காலம், கையை அழுத்திப் பிடித்து ஓயாமல் செய்யும் வேலை, இவைதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை. எனக்கு ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் பிடிக்கும் பட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது.

"எனக்கும் இப்படித்தானுங்க டாக்டர், நாலஞ்சு வருசமா" என்றார் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிய கை அது. கட்டை விரலின் அடிச்சதை குழி விழுந்திருந்தது. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று டெஸ்ட் எடுத்து, ஆபரேஷன் என்றார்கள்.

1933ல் ஸ்காட்லாந்து சர்ஜன் ஜேம்ஸ் லியர்மந்த் எழுதிவைத்த ஆபரேஷன்தான். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அந்தப் பட்டையை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். ராத்திரி எரிச்சல் சில நாட்களில் நின்றது. இளைத்த சதை மட்டும் திரும்பவில்லை; சட்டைப் பட்டன் போட இன்னும் சிரமப்படுகிறார். முன்பே காட்டியிருக்கலாம்.

கட்டு இருந்த இரண்டு வாரமும் பேத்தியின் போட்டோக்களைப் பார்க்க என் கம்ப்யூட்டர்தான். இடது கைக்காக செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போய், பிரைமரி மவுஸ் பட்டனை ரைட் என்று மாற்றிக் கொடுத்தேன். இப்போது திருப்பி மாற்றப் போனால், "அப்படியே இருக்கட்டும் கண்ணு" என்கிறார்.