இரயில் பாதையில் ஒரு வட்டம்: கோடை விடுமுறைக்கு ஒரு குடும்பப் பயணம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பெற்றோருக்கு இரண்டு கவலைகள். பிள்ளைகள் நாள் முழுவதும் கைப்பேசியின் முன் அமர்ந்திருக்கிறார்களே என்பது ஒன்று. எங்காவது அழைத்துச் செல்லலாமென்றால் செலவு தாங்குமா என்பது மற்றொன்று. பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்றாவது கவலையும் உண்டு. திருமணத்திற்கோ துக்கத்திற்கோ மட்டுமே சொந்த ஊர் செல்கிறோம். அவசரமாகச் சென்று அவசரமாகத் திரும்புகிறோம். வழியில் உள்ளவற்றைப் பிள்ளைகள் அறியாமலே வளர்கின்றனர்.

ஜப்பானில் குடும்பங்கள் டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா என ஒவ்வொரு நகராக இறங்கிப் பார்த்துக்கொண்டே இரயிலில் சுற்றுலா செல்வது வழக்கம். அத்தகைய வாய்ப்பு நம் வீட்டு வாசலிலும் இருக்கிறது. திருவனந்தபுரம், கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, நாகர்கோவில், மீண்டும் திருவனந்தபுரம்: சுமார் 380 கிலோமீட்டர் தூரமுள்ள முழு வட்டம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

மலையை நோக்கி

1931ஆம் ஆண்டு தம்பானூரில் கட்டப்பட்ட கருங்கல் நிலையத்திலிருந்து புறப்படுவோம். கொல்லத்தில் பாதை கிழக்கே திரும்புகிறது. கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டது. புனலூரில் இறங்குவோர் கல்லடை ஆற்றின் மேலுள்ள 19ஆம் நூற்றாண்டுத் தொங்கு பாலத்தைக் காணலாம்.

புனலூரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. இம்மலைப் பகுதியில் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் மற்றோர் எஞ்சின் தள்ளும். தென்மலையை அடுத்துக் கழுதுருட்டி அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலத்தின் மீது வண்டி செல்கிறது. மேலே அமர்ந்திருக்கும்போது அதன் அழகு முழுமையாகத் தெரியாது. கீழேயுள்ள நெடுஞ்சாலையிலிருந்து பார்ப்பதே சிறப்பு. ஆரியங்காவுக்கு அப்பால் சுரங்கத்தில் நுழையும் வண்டி தமிழ்நாட்டிற்குள் வெளிவருகிறது.

அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010இல் மலைப்பகுதியில் இரயில் நிறுத்தப்பட்டது. முழுப்பாதையும் 2018இல்தான் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இரு பக்கத்து மக்களும் பேருந்தையே நம்பியிருந்தனர். ஜப்பானியர் வேறு வழியைத் தெரிந்துகொண்டனர். 1,067 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய பாதைகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே புதிய அகலமான பாதை அமைத்து, 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஷிங்கன்சென் அதிவேக இரயிலை ஓடவிட்டனர்.

எல்லைக்கு அப்பால்

செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதியாகவே இருந்தது. 1911இல் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் இதுவே. அருகிலுள்ள குற்றாலத்தைக் காணப் பிள்ளைகள் துடிப்பார்கள். ஆனால் அருவிக்குரிய காலம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையே. ஏப்ரல், மே மாதங்களில் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப நேரிடலாம். இதை முன்னரே சொல்லிவைப்பது நலம்.

திருநெல்வேலியில் அல்வாவோடு நின்றுவிடாமல் பாளையங்கோட்டைக்கும் செல்லுங்கள். பாளையங்கோட்டையிலேயே 1778இல் ஞானஸ்நானம் பெற்ற மராத்திய விதவை குளோரிந்தா எழுப்பிய சிற்றாலயம் அங்கே உள்ளது, ஆண்டு 1785. அந்நகரின் பல்கலைக்கழகம் தாங்கியிருக்கும் பெயர் மனோன்மணீயம் சுந்தரனார். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து அவரது 1891ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவர் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக வாழ்ந்தவர் என்பதைப் பிள்ளைகள் அறிந்தால், தாங்கள் வாழும் நகரமும் தமிழுக்கு அந்நியமானதன்று என்பதை உணர்வார்கள்.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள் வரவேற்கும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பாதை 1979இல் திறக்கப்பட்டது. இரணியலில் இறங்கினால் பத்மநாபபுரம் அரண்மனை அருகில் உள்ளது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை.

பெற்றோர் கவனத்திற்கு

* முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. விடுமுறைக் காலத்தில் தாமதித்தால் இடம் கிடைப்பது அரிது.
* 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் கட்டணமில்லை. 5 முதல் 11 வயது வரை தனிப் படுக்கை இல்லையெனில் பாதிக் கட்டணம்; படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.
* முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தாத்தா, பாட்டி உடன் வந்தால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.
* மலைப்பகுதியைப் பகலில் கடக்கும் வண்டியையே தேர்ந்தெடுங்கள். இரவு வண்டியில் சென்றால் பாலமும் காடும் தெரியாது.
* மூன்று நாட்கள் போதும். உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால் செலவு வெகுவாகக் குறையும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் மலையாளம் மட்டும் கற்கும் பிள்ளை ஆரியங்காவு வரை தானே வாசித்துவிடும். பகவதிபுரம் முதல் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெறுகிறது. அங்கே பிள்ளை தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டாம். அருகில் அமர்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுங்கள். குழித்துறையை அடையும்போது பாதி எழுத்துகளாவது பழகியிருக்கும். வீட்டில் எத்தனை முறை வற்புறுத்தியும் நடவாதது ஜன்னலோர இருக்கையில் எளிதாக நடந்துவிடும்.