பாதி வழி

மாலையில் சாம்பல்தீவுப் பாலம் வரை உலாவச் செல்லும் நாம், இரண்டு கட்டை தூரத்திலேயே கால் கடுத்துத் திரும்பிவிடும் இயல்புடையோம். ஆதலின் 670 கிலோமீற்றர் என்னும் தொலைவு எமக்கு மலைப்பையே தருகின்றது. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்னும் இருவர் முன்னின்று, தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு 27 நாட்களில் அத்தொலைவை நடந்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டுவதே நோக்கம். 2016இல் திசையை மாற்றித் தெற்கு நோக்கி நடந்தனர். அது காலி கராப்பிட்டி வைத்தியசாலைக்காக.

புறப்படும் நாளிலும் முடியும் நாளிலும் ஆரவாரம் உண்டு. பதினான்காம் நாளில் என்ன உண்டு? பின்னே முந்நூற்றுச் சொச்சம், முன்னேயும் அவ்வளவே. அந்நேரத்தில் ஊரார் சிலர் கூடச் சேர்ந்து சிறிது தூரம் நடப்பதே பெருந்துணை. கனடாவில் 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீற்றர் கடந்தபின் நோய் முற்றி நின்ற டெரி ஃபொக்ஸும் தொடக்கத்தில் ஆளரவமற்ற வீதிகளிலேயே ஓடினார்.

எம் மாணவர் ஒருவர் நோயுற்ற அன்னையாரை இரவுப் பேருந்தில் மகரகமைக்கு அழைத்துச் சென்று வருவார். வகுப்பில் கண்ணயர்ந்த அவரை, காரணம் கேளாமலே கடிந்தோம். அவருடைய பதினான்காம் நாள் அதுவென அறிந்திலோம்.

அம்மையார் இன்று நலம். நாம் இன்னும் பாலத்தோடு திரும்புகின்றோம்.