சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும்தானா?
பழைய அவுட்போர்டு மோட்டாருக்குச் சில யோசனைகள்

கொச்சியில் வாழும் நமக்குத் தண்ணீரும் படகும் புதிதல்ல. நம்மவர்களில் படகை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. விடுமுறை நாளில் உறவினர்களை அழைத்துக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் ஒரு சுற்று சுற்றி வருபவர்களும் உண்டு. தரையில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இறங்கித் தள்ளலாம். படகில் அது நடக்காது. ஜூன், ஜூலை மாத மழை வெள்ளம் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும்போது மோட்டார் கிளம்ப மறுத்தால், படகில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்த விஷயத்தை எல்லோரும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

படகின் பின்புறம் மாட்டும் இந்த மோட்டாரை ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கேரளக் கடற்கரையில் 1980-களில் இது பெருமளவில் பரவியது. மீன்பிடி வள்ளங்களில் பெரும்பாலும் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வார்கள். பயணிகள் படகுகளில் பாட்டரியும் சாவியும் இருக்கும். எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்றுவிட்டது. பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் இருப்பதைப் பேணித்தான் ஓட்ட வேண்டும். சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது கட்டுப்படியாகாது.

ரயில்வேயில் டபிள்யு.டி.எம்.2 டீசல் எஞ்சின்களோடு பல காலம் பழகியவன் நான். அந்தப் பெரிய எஞ்சினையும் பாட்டரிதான் எழுப்புகிறது. பாட்டரியின் மின்சாரத்தால் மெயின் ஜெனரேட்டரே சில வினாடிகள் மோட்டாராக மாறி எஞ்சினைச் சுற்றிவிடும். அது சுற்றாவிட்டால் ஷெட்டில் முதலில் பார்ப்பது பாட்டரி முனைகளையும் கேபிள் இணைப்புகளையும்தான். ஜெனரேட்டரைக் கழற்றும் பேச்சு கடைசியில்தான் வரும். 40 குதிரைசக்திப் படகு மோட்டாருக்கும் இதே வரிசைதான்.

ஸ்டார்ட்டருக்கு இரண்டு மின் பாதைகள் உண்டு. ஒன்று மெல்லிய ஒயர்ப் பாதை. பாட்டரியிலிருந்து ஃபியூஸ், சாவி, நியூட்ரல் ஸ்விட்ச் வழியாகச் சாலினாய்டின் காயிலுக்குப் போவது. இது உத்தரவு கொடுக்கும் பாதை. மற்றது தடித்த கேபிள் பாதை. பாட்டரி பாசிடிவிலிருந்து சாலினாய்டின் பெரிய போல்ட்டுகள் வழியாக ஸ்டார்ட்டருக்குப் போய், எஞ்சின் உடம்பு வழியாகப் பாட்டரி நெகடிவுக்குத் திரும்புவது. இது வேலை செய்யும் பாதை. கோளாறு எந்தப் பாதையில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதைக் காதே சொல்லிவிடும். சாவியைத் திருப்பியும் எந்தச் சத்தமும் இல்லையென்றால் மெல்லிய பாதையைப் பாருங்கள். ஒரே ஒரு 'டிக்' கேட்டு நின்றுவிட்டால் சாலினாய்டு உத்தரவை வாங்கிவிட்டது, தடித்த பாதையில் தடை இருக்கிறது. 'டிக் டிக் டிக்' என்று படபடத்தால் பாட்டரி பலவீனம் அல்லது அதன் முனையில் மோசமான இணைப்பு. ஸ்டார்ட்டர் 'விர்' என்று சுற்றியும் எஞ்சின் சுற்றாவிட்டால், பெண்டிக்ஸ் பல்சக்கரம் மேலே ஏறி ஃபிளைவீலைப் பிடிக்கவில்லை. அதன் தண்டைச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகும். கிரீஸ் தடவ வேண்டாம். தூசியைச் சேர்த்து மறுபடி ஒட்டவைத்துவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஒரு கேபிளில் நூறு இழைகள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டுமே பிழைத்திருந்தாலும், ஸ்டார்ட்டர் சுற்றாத நேரத்தில் மீட்டர் மறுமுனையில் 12 வோல்ட் காட்டும். பல்பும் எரியும். அதைப் பார்த்து "கரண்ட் வருகிறதே, ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது" என்று முடிவு கட்டுவதால்தான் காசு விரயமாகிறது. ஸ்டார்ட்டர் இழுப்பது 100 ஆம்பியர் அளவில். அந்தப் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதி காட்டாது. சாவியைத் திருப்பி, சுமை ஏறியிருக்கும்போது வோல்ட்டை அளந்தால்தான் உண்மை தெரியும்.

அளப்பதற்கு முன் மூடிகளைத் திறந்து பெட்ரோல் ஆவி வெளியேற நேரம் கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் கிளம்பிவிடாதபடி அவசரநிறுத்தக் கயிற்றை எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் சுற்றவிடாமல், இடையில் 2 நிமிடமாவது ஆறவிடுங்கள்.

முதலில் ஓய்வில் இருக்கும் பாட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட், பாதி சார்ஜில் ஏறத்தாழ 12.2. பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பாட்டரியின் ஈயக் குமிழ்கள் மேலேயே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். கிளாம்ப்பின் மேல் வைக்கக் கூடாது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி பாசிடிவிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் போல்ட்டிலும் வையுங்கள். சாவி திருப்புமுன் 12 வோல்ட் காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சுற்றும்போது காட்டுவதே கணக்கு. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதேபோல ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் பாட்டரி நெகடிவுக்கும் இடையே அளக்க வேண்டும். இங்கும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 'டிக்' சத்தம் கேட்ட பிறகும் சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே 12 வோல்ட் குறையாமல் நின்றால், உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன என்று பொருள்.

தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே சுற்றுலாப் படகு ஓட்டும் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, பாட்டரி ரெண்டு மாத்தியாச்சு. இப்ப ஸ்டார்ட்டர் புதுசா வாங்கணும்ங்கறாங்க" என்று வந்தார். அளந்து பார்த்தோம். சுற்றும்போது பாட்டரியில் 10.8 வோல்ட். பாசிடிவ் பக்கம் இழப்பு 0.4. நெகடிவ் பக்கம் இழப்பு 2.5. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 7.9. நெகடிவ் கேபிளின் லக்குக்கு அருகே உறையைக் கீறினால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. வெளியே பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது. உப்புத் தண்ணீர் உறைக்குள் ஊர்ந்து செய்யும் வேலை இது. கேபிள் ஒன்றை மாற்றியதோடு மோட்டார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஸ்டார்ட்டருக்கு ஒதுக்கிய பணம் அவருடைய பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனது.

சத்தமே இல்லாத மோட்டாருக்கு 12 வோல்ட் சோதனை பல்பு ஒன்று போதும். சாவியைத் திருப்பிப் பிடித்தபடி சாலினாய்டின் சிறிய முனையில் பாருங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தும் 'டிக்' இல்லையென்றால், சாலினாய்டின் எர்த் ஒயரைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் காயில் போய்விட்டது. பல்பு எரியாவிட்டால் பாட்டரி முனை, ஃபியூஸ், சாவி, நியூட்ரல் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். கியர் லிவரை லேசாக அசைத்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் நியூட்ரல் ஸ்விட்சைச் சரிசெய்ய வேண்டும்.

பாட்டரியும் நன்று, இழப்பும் இல்லை, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறதா? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு எஞ்சினில். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிளக் துளை வழியே வெளிவரும். சுலபமாகச் சுற்றினால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

சில காரியங்களைச் செய்யவே கூடாது. நியூட்ரல் ஸ்விட்சை ஒயர் போட்டு இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. கியரில் இருக்கும்போது எஞ்சின் கிளம்பினால் படகு துள்ளும், நிற்பவர் தண்ணீரில் விழுவார், கீழே புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரால் சாலினாய்டைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். ஒரு பொறி போதும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள. எஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றினாலும், முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் ரெக்டிஃபையர் போய்விடும். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில்.

பராமரிப்பு பெரிய செலவில்லை. மாதம் ஒருமுறை முனைகளைக் கழற்றித் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். காதுள்ள நட்டுகள் அதிர்வில் தளரும். சாதாரண நட்டும் லாக் வாஷரும் போடுங்கள். கேபிள் மாற்றும்போது வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் கேட்டு வாங்குங்கள். விலை சற்று அதிகம் என்றாலும் உப்புக்காற்றைத் தாங்கும். படகில் ஒரு மல்டி மீட்டரோடு, ஃபிளைவீலில் சுற்றி இழுக்க ஒரு கயிறும், துடுப்பும், ஆளுக்கொரு உயிர்காப்பு ஜாக்கெட்டும் எப்போதும் இருக்கட்டும்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். மீட்டர் பிடிக்க ஒருவர், சாவி திருப்ப ஒருவர், ஒரு மணி நேரம். அவ்வளவுதான் தேவை.