உப்பு போடாமலே கரிக்கும் புயல் செய்தி

முந்தின நாள் மீன் குழம்பை மறுநாள் காலை இட்லிக்குச் சூடு பண்ணும் வீடுகள் கடலூர் முதுநகரில் ஏராளம். இரவு சாப்பிட்டபோது உப்பு அளவாகத்தான் இருந்திருக்கும். காலையில் ஒரு கொதி, தாமதமாக எழுந்தவருக்கு இன்னொரு கொதி, மத்தியானச் சோற்றுக்கு மூன்றாவது. அந்த மூன்றாவதில் குழம்பு சுண்டி, நாக்கில் வைக்க முடியாமல் கரிக்கும். யாரும் உப்பு சேர்க்கவில்லை. தண்ணீர் போனது, அவ்வளவுதான்.

தொலைக்காட்சியில் புயல் பெரிதாவதும் இந்த வழியில்தான். “டிவிக்காரன் புளுகுறான்” என்று டீக்கடையில் சொல்லிவிடலாம். ஆனால் பொய் இதுதான் என்று ஒரு வரியைப் பிடித்துக் காட்டச் சொன்னால் கஷ்டம். உப்பு வெளியிலிருந்து வரவில்லையே!

சட்டியில் முதலில் இருப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கை. வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டால் 3 மணி நேரத்துக்கு ஒன்று வரும். படிக்க வறட்சியான சரக்கு. காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வேகத்தில் சுழன்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால்தான் புயல், பெயர் சூட்டுவதும் அப்போதுதான். 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல். மழைக்கும் அளவு உண்டு. ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. என்றால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை.

இவற்றோடு நாம் கண்டுகொள்ளாத சில சொற்களும் அந்த அறிக்கையில் இருக்கும். “ஓரிரு இடங்களில்” என்பது சும்மா வாய்க்கு வந்தது அல்ல. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் மழை பதிவாவது கால் பங்குக்கு மேல் போகாது என்று பொருள். “சில இடங்களில்” என்றால் பாதி வரை. “வாய்ப்புள்ளது”, “நிலவக்கூடும்”, “இடையே” இவையெல்லாமும் அளந்து ஊற்றியவை. குழம்பில் தண்ணீர் என்பது இதுதான். அடுப்பில் ஏற்றியதும் முதலில் ஆவியாவதும் இதுதான்.

ஏன் ஆவியாகிறது? அறிக்கை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. திரையோ ஒரு நிமிடமும் சும்மா இருக்க முடியாது. இடையில் புதுச் சரக்கு கிடையாது. இருப்பதையே திரும்பத் திரும்பச் சூடு பண்ண வேண்டும். “கடலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்புள்ளது” என்று சட்டியில் இருந்தது, முதல் கொதியில் “கடலூரில் அதி கனமழை” ஆகும். அடுத்த கொதியில் “கடலூருக்கு ரெட் அலர்ட்!” இரண்டு சொல், சிவப்புப் பட்டை, பின்னணியில் உடுக்கைச் சத்தம் மாதிரி ஒன்று. 2018 அக்டோபர் 7-க்குத் தமிழகத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது மாநிலமே பதறியது. நிர்வாகம் தயாராக இருக்கத்தான் அந்த நிறம் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 அக்டோபரில் அதே நிறத்தைப் பார்த்துச் சென்னைக்காரர்கள் காரையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். எச்சரித்த அளவு மழை அந்தமுறை வரவில்லை.

கடலூர் போன்ற துறைமுக ஊர்களுக்கென்று தனியாக ஒரு பதார்த்தம் உண்டு: புயல் எச்சரிக்கைக் கூண்டு. “கடலூர் துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது” என்று பட்டை ஓடிய பத்தாவது நிமிடம் சிங்கப்பூரிலிருந்து பிள்ளை கூப்பிடுவான். “அம்மா, மேல் வீட்டுக்குப் போயிட்டீங்களா?” “இங்க வெயிலடிக்குதுடா, துணி காயப் போட்டிருக்கேன்.” பட்டை சொன்னதும் அம்மா சொல்வதும் சரிதான். 1-ஆம் எண் என்றால் தொலைவில் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை என்று பொருள். அது கப்பலுக்கும் படகுக்கும் சொல்லும் சேதி. திருப்பாதிரிப்புலியூரில் குடியிருப்பவருக்கு அல்ல.

எண் ஏற ஏற ஆபத்தும் ஒவ்வொரு படியாக ஏறும் என்று நினைப்பதும் தப்பு. 5, 6, 7 மூன்றும் புயலுக்கு. 8, 9, 10 மூன்றும் தீவிரப் புயலுக்கு. ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் எண் சொல்வது திசையைத்தான். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5 அல்லது 8, வலப்பக்கம் இருந்தால் 6 அல்லது 9, நேராகவோ மிக அருகிலோ கடந்தால் 7 அல்லது 10. மேற்கு நோக்கி வரும் புயலுக்குக் கடலூர் வலப்பக்கம் என்றால், அது நம் ஊருக்குத் தெற்கே கரையேறுகிறது, காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி வீசுகிறது. மீனவருக்கு இவ்வளவு சொல்கிற எண்ணை, திரை வெறும் மதிப்பெண்ணாக்கி “எட்டிலிருந்து ஒன்பதுக்கு உயர்ந்தது” என்று கூவுகிறது. பதினொன்று வரை உண்டு. பதினொன்று ஏறினால் பிரளயம் இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

பாதைக்கும் இதே கதிதான். ஒரு நாள் முன்னதாகக் கணித்த பாதை சராசரியாகச் சுமார் 75 கி.மீ. விலகும். கடலூரிலிருந்து சிதம்பரமே 50 கி.மீ.க்குள்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிக்கை சொன்னது. அது இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்கரை. தலைப்பில் அத்தனை இடம் ஏது? கடைசியில் 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவின் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மழைக்கோட்டோடு நிற்கும் நிருபரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை மாதத்தில் அந்தக் கடல் புயல் இல்லாவிட்டாலும் சீறும். அமெரிக்காவில் 2018-இல் ஃபுளோரன்ஸ் புயலின்போது ஒரு நிருபர் காற்றில் சாய்ந்து தள்ளாட, பின்னால் இரண்டு பேர் சாவகாசமாக நடந்துபோனதை உலகமே பார்த்தது. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலுக்கு ஓர் இந்திச் சேனலில் ஸ்டுடியோவுக்குள்ளேயே குடை பிடித்துத் தள்ளாடினார்கள். சிரித்துவிட்டுப் போகலாம்.

புயலுக்கு முன்னால் கொஞ்சம் உப்புக் கூடினாலும் நான் சண்டைக்குப் போகமாட்டேன். பயமில்லாமல் யாரும் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போவதில்லை. 1999 புயலில் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் அங்கேயே பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. என் வழக்கு வேறு: சுண்டிப்போகும் தண்ணீரோடு நிஜத் தண்ணீரும் செய்தியிலிருந்து போய்விடுகிறது. காற்றுக்குக் கிடைக்கும் இடம் மழைக்கும் ஆற்றுக்கும் கிடைப்பதில்லை. காற்று படத்தில் ஆடும். நீர்மட்டம் ஏறுவது ஆடாது.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 25 இரவு நிவர். மிகத் தீவிரப் புயல் என்று பெயர், மாநிலம் முழுக்க விடுமுறை, விடிய விடிய நேரலை. மரக்காணம் அருகே கரையேறியது. ஒரு வாரம் கழித்து புரெவி வந்தது. மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, இராமநாதபுரம் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக நகராமல் உட்கார்ந்துவிட்டது. “புயல் வலுவிழந்தது” என்றால் கதை முடிந்தது என்றுதான் பார்ப்பவருக்குப் படும். ஆனால் அதன் மேகம் இருநூறு கிலோமீட்டர் வடக்கே கொட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் 4 காலைக் கணக்கில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. பெயரை இழந்த புயல்தான் சிதம்பரத்தை மூழ்கடித்தது.

2024-லும் அதே பாடு. ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்று எண்பது, தொண்ணூறு கி.மீ. அளவில்தான் இருந்தது, ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூர்ப் பக்கம் அடித்ததோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஃபெஞ்சலும் நகராமல் நின்று பெய்தது. உள்ளே தென்பெண்ணை பெருகி, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். அந்த ஆற்றின் கடலூர்க் கரையோரத் தெருக்களுக்கு ஆபத்து வந்தது புயல் “கடந்த” பிறகு.

ஆகவே சுண்டிய குழம்பில் வெந்நீர் விட்டு இளக்குவதுபோல, கேட்டதைத் திருப்பிக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் தூரத்தில்? எந்த நேரத்து அறிக்கை? ஓரிரு இடமா, பல இடமா? காற்றா, மழையா? கடலூர்க்காரர் சாத்தனூர் திறப்பைக் கேட்க வேண்டும். சிதம்பரத்துக்காரர் கீழணையில் கொள்ளிடத்துக்கு எத்தனை கன அடி விடுகிறார்கள், வீராணம் அதன் 47.50 அடியை எட்டிவிட்டதா என்று கேட்க வேண்டும். சென்னை வானிலை மையத்தின் தமிழ் அறிக்கை செல்பேசியிலேயே கிடைக்கிறது. சுண்டாத சரக்கு அதுதான்.

இன்னொன்று. ‘தானே’ புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் விழுந்து கிடந்ததை அங்கிருந்தவர்கள் தவிர எல்லோரும் திரையில் பார்த்தார்கள். புயல் யார் தலைமேல் நிற்கிறதோ அவர் வீட்டில் டிவி ஓடாது. கரண்ட் போவதற்குள் ஒரு பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்து, கடலூர் என்றால் புதுச்சேரி வானொலியையும் சிதம்பரம் என்றால் காரைக்காலையும் பிடித்து வையுங்கள்.