படகின் பற்றரியும் அதன் பிணிகளும்

நிலத்தில் ஓடும் மோட்டார் வண்டி வழியில் நின்றுவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். கடலில் நின்ற படகைத் தள்ளுவார் யார்? அந்தி சாயும் நேரத்தில் இயந்திரம் கிளம்ப மறுத்தால், அதனோடு விளக்கும் மங்குகிறது. வானொலித் தொடர்புக் கருவி பேச்சிழக்கிறது. படகின் அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பியும் ஓய்கிறது. எதிரே வரும் வள்ளத்துக்கு நாம் அங்கே இருப்பதே தெரியாது. சோளகமோ வாடையோ சற்று உரத்து வீசினால், படகு காற்றுப் போன போக்கிலே போகும். பிள்ளை குட்டிகளோடு இன்பமாகப் பொழுது போக்கப் புறப்பட்டவர்களுக்கு இத்தனை இடரும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றது. அப்பெட்டியே பற்றரி என்று நாம் வழங்கும் மின்கலவடுக்கு.

இந்நிலை நேர்ந்தவுடன் பலர் செய்வது யாது? பழைய பற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுவர். புதியதும் இரண்டு மாதத்தில் சோர்ந்துவிட்டால் விற்றவரைக் குறை கூறுவர். நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒத்தது இச்செயல். பிணி பற்றரியில் இருக்கலாம். அதற்கு மின்னேற்றும் கருவியில் இருக்கலாம். இரண்டையும் இணைக்கும் கம்பியில் இருக்கலாம். அன்றி நம்முடைய பழக்கத்திலேயே இருக்கலாம். இந்நான்கில் எது என்று அறியப் பெரிய தொழினுட்பப் படிப்பு வேண்டியதில்லை. பல்மானி எனப்படும் சிறிய அளவுகருவி ஒன்றும், சிறிது பொறுமையும் போதும். முதலில் அளந்து பார்த்தல், இறுதியில் மாற்றுதல் என்பதே இன்று நான் வற்புறுத்த விரும்பும் விதி.

பற்றரியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம். பிரான்சிய அறிஞரான காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில், ஈயத் தகடுகளை ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய கலத்தை அமைத்தார். இன்றும் எண்ணற்ற படகுகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ற்றுப் பற்றரி ஆகின்றது. மின்னைச் செலவிடும்போது தகடுகளிலே ஈயசல்பேற்று படிகின்றது. மின்னேற்றும்போது அது நீங்கித் தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. ஆனால், செலவான பற்றரியை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கவிட்டால், அப்படிவு கடினமான பளிங்காக இறுகிவிடுகின்றது. பின்னர் எளிதில் நீங்காது. நாள்தோறும் தொழிலுக்குப் போகும் வள்ளத்தின் பற்றரிக்கு நாள்தோறும் மின்னேற்றம் கிடைக்கிறது. நிலாவெளி போன்ற கீழ்க்கரை இடங்களில் வாடைக்காலம் முழுவதும் கரையேற்றி வைக்கப்படும் உல்லாசப் படகின் பற்றரியோ கவனிப்பாரற்றுக் கிடந்தே கெடுகின்றது.

இனிச் சோதனைக்கு வருவோம். முதற் கருவி நம் கண். முனைகளிலே பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருக்கிறதா? கம்பியைக் கையால் அசைத்தால் ஆடுகின்றதா? உப்புக் காற்று செப்புக் கம்பியை உறையின் உள்ளேயே அரித்துவிடும். இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டார் 100 அம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். ஓரிணைப்பில் நூறிலொரு பங்கு ஓம் தடை இருந்தாலே, 100 அம்பியர் ஓடும்போது அங்கு ஒரு வோல்ற்று வீணாகிவிடும். விளக்கு எரிகின்றதே, இணைப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதிப்பவர் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும். சிறு விளக்குக்குப் போதுமான இணைப்பு, கிளப்பும் மோட்டாருக்குப் போதாது. ஆகவே முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து, இறுகப் பூட்டிய பின்னரே அடுத்த சோதனைக்குச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது சோதனை, ஓய்ந்திருக்கும் பற்றரியின் வோல்ற்றளவு. மின்னேற்றமும் செலவும் இன்றிச் சில மணி நேரம் விட்டுவிட்டு அளக்க வேண்டும். 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய வெறுமை. பின்னர் ஒருவர் இயந்திரத்தைக் கிளப்ப, மற்றொருவர் மானியைப் பார்க்கட்டும். நிறைந்த பற்றரியாயிருந்தும் அவ்வேளையில் 9.6க்கும் கீழே விழுமாயின், பற்றரி தளர்ந்துவிட்டது என்று ஐயுறலாம். மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் நீரமானியால் ஒவ்வொரு கலத்தின் அமிலத்தையும் சோதிக்கலாம். ஐந்து கலங்கள் ஒத்திருக்க ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அக்கலம் கெட்டது. அப்போது புதியது வாங்குவது நியாயமே.

மூன்றாவது சோதனை மின்னேற்றத்தைப் பற்றியது. இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டுப் பற்றரியின் முனைகளில் அளந்தால், பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். முன்பிருந்த அளவிலேயே நின்றால் மின்னேற்றம் நடக்கவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், உருகி எரிந்திருக்கலாம், அல்ரனேற்றர் பழுதாயிருக்கலாம். 15க்கு மேலே ஏறினால் சீராக்கி கெட்டது. பற்றரியின் நீர் கொதித்து வற்றும். அல்ரனேற்றரின் முனையில் 14.4 இருக்க, பற்றரியின் முனையில் 13.6 தான் வந்து சேர்கின்றது என்றால், களவு போவது நடுவிலுள்ள கம்பியிலே. இம்மூன்று நிலைகளிலும் பற்றரி குற்றமற்றது என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, மறைவான செலவு. எல்லா ஆளிகளையும் நிறுத்திய பின், மறைமுனைக் கம்பியைக் கழற்றி, இடையே அம்பியர்மானியைத் தொடுத்துப் பார்க்கலாம். மானி இணைத்திருக்கும்போது இயந்திரத்தைக் கிளப்ப முயலக் கூடாது. ஓர் அம்பியரில் பத்திலொரு பங்கே ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2.4 அம்பியர்மணி, 100 அம்பியர்மணிப் பற்றரி மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஈரம் புகுந்த ஆளியோ, அணைக்க மறந்த வானொலிப் பெட்டியோ இதற்குப் போதும்.

இறுதியாக, நம் பழக்கம். பற்றரியும் ஒரு வரவு செலவுப் புத்தகமே. கிளப்பும் மோட்டார் 150 அம்பியர் வீதம் ஐந்து விநாடி இழுத்தாலும், செலவு அம்பியர்மணியில் ஐந்திலொரு பங்குதான். ஆனால் விளக்கு, பாட்டு, குளிர்ப்பெட்டி எல்லாமாக 5 அம்பியர் வீதம் ஆறு மணி நேரம் ஓடினால் 30 அம்பியர்மணி போய்விடும். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு வரை செல்லும் குறுகிய ஓட்டம் அதை எப்படி ஈடுசெய்யும்? 10 அம்பியர் வீதம் ஏற்றினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆதலால் கிளப்புவதற்கு ஒரு பற்றரி, ஏனைய தேவைகளுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்தல் அறிவுடைமை. இயந்திரம் ஓடும்போது பற்றரி ஆளியைத் துண்டிப்பது அல்ரனேற்றரையே எரித்துவிடக்கூடும்.

இக்காலத்தில் இலிதியப் பற்றரிகளும் வந்துள்ளன. அவை இலேசானவை. ஆனால் அவற்றின் வோல்ற்றளவு செலவோடு சிறிதே மாறுவதால், மேலே சொன்ன எண்கள் அவற்றுக்குப் பொருந்தா. அவற்றுக்கென அமைந்த மின்னேற்றியே வேண்டும்.

சோதனை செய்வோர் சில எச்சரிக்கைகளை மறத்தலாகாது. மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே காற்றோட்டம் வேண்டும். சுருட்டும் தீக்குச்சியும் அருகில் வேண்டாம். கழற்றும்போது மறைமுனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடுக. அமிலம் தெறித்தால் நிறைந்த நீரால் கழுவுக. குறைந்த கலத்துக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கடல்நீர் பற்றரிக்குள் புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகலாம்.

நேயர்களே, படகில் ஒரு சிறு கொப்பியைத் தொங்கவிடுங்கள். மாதந்தோறும் நாளையும், ஓய்விலும் ஓட்டத்திலும் கண்ட வோல்ற்றளவையும் குறித்து வையுங்கள். கரையேற்றிய காலத்திலும் மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள். எண்கள் மெல்லத் தாழத் தொடங்கும்போதே பிணியின் அறிகுறி தெரிந்துவிடும். அதனைக் கரையிலே கண்டுகொண்டவருக்கு, கடல் நடுவே இருட்டில் நின்று அதனைக் கற்க வேண்டிய நிலை வாராது.